கையேட்டில் 0டபிள்யூ-20, மெக்கானிக் சொல்வது 20டபிள்யூ-50: எந்த ஆயில் ஊற்றுவது?

வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2021-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. வாரண்டி முடிந்துவிட்டதால் இந்த முறை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பட்டறையிலேயே ஆயில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் அந்தக் கேனைத் திறந்து விரலில் தொட்டுக் காட்டி, "தண்ணீராக ஓடுகிறது பாருங்கள், மதுரை வெயிலுக்கு இது எப்படித் தாங்கும்? 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், என்ஜின் சத்தமும் அடங்கும்" என்கிறார். அம்பாசடர் டாக்சி ஓட்டிய என் சித்தப்பாவும் அவர் பக்கம்தான்.

காரின் ஓட்டம் பெரும்பாலும் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று நான்கைந்து கிலோமீட்டர். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறுவோம். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உராய்வியல் (சென்னை)

மசகு எண்ணெய் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் அந்த எண்கள். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த ஜே300 என்ற தரநிலையில் இருந்து வருபவை அவை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் கடுங்குளிரில் என்ஜின் சுழலுமா, ஆயில் பம்பு ஆயிலை இழுக்குமா என்பதற்கானது. 0டபிள்யூ என்றால் சுழற்றும் சோதனை மைனஸ் 35 டிகிரியில், பம்பு சோதனை மைனஸ் 40-இல். 20டபிள்யூ என்றால் மைனஸ் 15, மைனஸ் 20. கொடைக்கானலின் மார்கழி இரவுகூட இதன் பக்கத்தில் வராது. ஆகவே குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை தமிழ்நாட்டில் யாருக்கும் வேண்டியதில்லை.

பின்னால் இருக்கும் எண் 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மை. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5, 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9.

இப்போது விரலில் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு வருவோம். நம் கூடத்தில் 40 டிகிரியிலும் அளப்பது வழக்கம். சித்திரை மாத மதுரையில் வெயிலில் நின்ற காரின் ஆயில் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். சந்தையில் கிடைக்கும் 0டபிள்யூ-20 ஆயில்கள் 40 டிகிரியில் 45 சென்டிஸ்டோக்ஸை ஒட்டி வரும். வீட்டுக் கடலை எண்ணெயைவிடச் சற்றுக் கெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20டபிள்யூ-50 அதே சூட்டில் 160-ஐ ஒட்டி வரும். ஆனால் என்ஜின் முழுச் சூடேறி ஆயில் 100 டிகிரியைத் தொட்டபோது அந்த 20டபிள்யூ-50 எவ்வளவு? 18, 19-தான். அதாவது உங்கள் மெக்கானிக் தண்ணீர் என்று ஒதுக்கும் 0டபிள்யூ-20, காலையில் சாவி திருகும் நேரத்தில், சூடேறிய 20டபிள்யூ-50-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கிறது. நம் ஊரில் கோடை வெயிலிலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் தேவைக்கு மேல் கெட்டிதான்.

வெளியே 25 டிகிரியா 42 டிகிரியா என்பது என்ஜினுக்குள் பெரிதாக எட்டுவதில்லை. தெர்மோஸ்டாட் என்ற ஒன்று கூலன்ட்டின் சூட்டை 90 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைக்கிறது. லண்டனில் ஓடினாலும் மதுரையில் ஓடினாலும் சாதாரண ஓட்டத்தில் ஆயில் 90 முதல் 110-க்குள் நிற்கும்.

பட்டறைவாசி (கோயம்புத்தூர்)

உராய்வியல் ஐயா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கூடத்தில் ஆயில் இருக்கும் இடம் கண்ணாடிக் குழாய். பட்டறையில் நான் பார்ப்பது வேறு. அதையும் தம்பி வைகைக்கரை கேட்டுக்கொள்ளட்டும்.

0டபிள்யூ-20 ஏன் வந்தது? என்ஜின் நெடுநாள் உழைக்க வேண்டும் என்று எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. கம்பெனி விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி மைலேஜ் காட்ட வேண்டிய கட்டாயம். அந்த நெருக்கடியில் 10டபிள்யூ-40 போய் 5டபிள்யூ-30 வந்தது, பிறகு 5டபிள்யூ-20, 0டபிள்யூ-20, இன்று 0டபிள்யூ-16, 0டபிள்யூ-8 வரை இறங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா கையேடுகளைப் புரட்டிப் பாருங்கள். 0டபிள்யூ-20-ஐப் பரிந்துரைத்த அதே பக்கத்தில், அதிக வேகத்திலோ கடும் சுமையிலோ ஓட்டுகிறவர்களுக்குக் கூடுதல் பாகுத்தன்மை பொருத்தமாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். கம்பெனிக்காரனே ஒத்துக்கொண்ட விஷயம்.

அடுத்தது ஏற்றம். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏ.சி. ஓடுகிறது, வத்தலக்குண்டு தாண்டி இரண்டாம் கியரில் மலை ஏறுகிறார்கள். அப்போது என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் 110-ஓடு நிற்காது. கிராங்க் பேரிங்குக்குள் அது இன்னும் கூடும். மேலும் தம்பி சொன்ன நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூடு காண்பதே இல்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கி அங்கேயே தங்கும். 20 என்று வாங்கிய ஆயில் மாதக்கணக்கில் பெட்ரோல் கலந்தபின் 20-ஆகவே இருக்காது.

20டபிள்யூ-50 ஊற்றச் சொல்ல மாட்டேன். அம்பாசடரில் இருந்தது பிரிட்டிஷ் பி.எம்.சி. வழிவந்த பழைய என்ஜின், அதற்கு அது சரி. இந்தக் காருக்கு 5டபிள்யூ-30 என்பது என் கருத்து.

உராய்வியல்

பட்டறைவாசி ஐயா, பெட்ரோல் கலப்பைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. எங்களிடம் வரும் பயன்படுத்திய ஆயில் மாதிரிகளில் பாகுத்தன்மை குறைந்து வருபவை பெரும்பாலும் நகரத்துக்குள் குறுந்தூரம் ஓடிய வண்டிகளுடையவை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் இது இன்னும் மோசம்.

ஏற்றத்தில் பேரிங்குக்குள் நடப்பதை அளக்கத்தான் எச்.டி.எச்.எஸ். என்ற சோதனை இருக்கிறது. 150 டிகிரிச் சூட்டில், நொடிக்கு 10 லட்சம் என்ற சறுக்கு வீதத்தில் ஆயிலை வதைத்து, அப்போதும் எவ்வளவு பாகுத்தன்மை மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். 20-க்குக் குறைந்தது 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5, 15டபிள்யூ-40-க்கும் 50-களுக்கும் 3.7. பேரிங்கைக் காப்பது இந்த எண். கேனின் முன்பக்கத்தில் இது இருக்காது. ஆயில் கம்பெனியின் தரவுத்தாளில் தேட வேண்டும். ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.-வின் தரநிலை கேனில் இருந்தால் அதிலிருந்தும் கண்டுபிடித்துவிடலாம்: ஏ3/பி4, சி3 இரண்டும் 3.5-க்குக் குறையாது, ஏ5/பி5 என்றால் 2.9-க்கும் 3.5-க்கும் இடையில்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சிக்கனச் சட்டம் தூண்டியது என்பதால் 20 ஆயிலை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு என்ஜினை அப்படியே விட்டிருந்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கும். பேரிங்கின் அகலம், பேரிங்குக்குள் சுழலும் ஜர்னலின் மெருகு, பம்பின் கொள்ளளவு, ஆயில் போகும் துளைகள் எல்லாவற்றையும் அந்த ஆயிலை மனத்தில் வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள்.

வைகைக்கரை அவர்களின் என்ஜினில் ஆயிலுக்கு மசகிடுவது தவிர இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கேம் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள ஃபேசர், வால்வு திறக்கும் நேரத்தை முன்பின் நகர்த்துகிறது. அதை நகர்த்துவது ஆயில் அழுத்தம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் தள்ளுவது அதே அழுத்தம். ஃபேசருக்கு ஆயில் விடும் சொலினாய்டு என்ற மின்வால்வைக் கழற்றிப் பார்த்தால் அதன் வலை கொசுவலையைவிட நெருக்கமாக இருக்கும். காலைக் குளிர்ச்சியில் 20டபிள்யூ-50 அதன் வழியே போக நேரம் எடுக்கும். ஃபேசர் தாமதமாக நகர்ந்தால் கம்ப்யூட்டர் அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு மஞ்சள் விளக்கைப் போடும். பி0011 போன்ற குறியீட்டோடு வண்டி வந்தால் சென்சாரை மாற்றும் முன் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று கேட்பது நல்லது.

அழுத்தமானி ஏறி நிற்பதைப் பார்த்துக் கெட்டியான ஆயில் நன்றாகக் காக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. பம்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்துதான் தள்ளும். ஆயில் போக மறுத்தால் அழுத்தம் ஏறும், ஏறியதும் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைச் சம்ப்புக்கே திருப்பிவிடும். அந்த மிச்சம் பேரிங்குக்குப் போயிருக்க வேண்டிய ஆயில்.

வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கையேட்டை மறுபடி எடுத்தேன். 0டபிள்யூ-20 என்ற பெரிய எழுத்துக்குக் கீழே ஒரு வெப்பநிலைப் பட்டைப் படம் இருக்கிறது. அதில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டுக்கும் பட்டை வலது ஓரம் வரை நீண்டு 40 டிகிரியைத் தாண்டுகிறது. 20டபிள்யூ-50 அந்தப் படத்திலேயே இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி இறக்கி எடுத்து, முனையில் இருந்த துளியை வெள்ளைக் காகிதத்தில் விட்டு வைத்தேன். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, வெளியே எண்ணெய் வளையம். முகர்ந்தால் பெட்ரோல் வாடை லேசாக வருகிறது. இது எதைக் காட்டுகிறது?

பட்டறைவாசி

வாடை வருகிறது என்றால் நான் சொன்னதுதான். பயப்பட வேண்டியதில்லை தம்பி. வாரம் ஒருமுறையாவது வண்டியை ரிங் ரோட்டில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஆயில் முழுச் சூடு கண்டால் கலந்திருக்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகும். கறுப்பு நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை. கறுப்பு நடுவில் கட்டியாக நின்று பரவாமல் போனால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

பட்டையில் 5டபிள்யூ-30 இருப்பதால் அதையே ஊற்றுங்கள், உங்கள் கொடைக்கானல் பயணத்துக்கும் ஆயிற்று. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தவறவிட வேண்டாம். எண்ணைப் பற்றி இவ்வளவு விவாதிக்கிறோம், ஆனால் என் பட்டறைக்கு வாய்திறந்து வரும் என்ஜின்களில் பெரும்பாலானவை ஆயில் மாற்றாமலோ அளவு குறைந்தோ கெட்டவை.

உராய்வியல்

5டபிள்யூ-30-க்கு நானும் உடன்படுகிறேன்; கையேடு அனுமதிக்கிறது, உங்கள் ஓட்டத்துக்கும் பொருந்துகிறது. கேனில் அமெரிக்க பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ.-யின் வட்டத்துக்குள் எஸ்.பி. அல்லது அதற்குப் பிந்தைய எஸ்.க்யூ. இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2020 மே மாதம் வந்த எஸ்.பி. தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கு என்றே ஒரு சோதனை உண்டு. அலமாரியில் மலிவாக நிற்கும் 20டபிள்யூ-50 கேன்கள் பலவற்றில் எஸ்.எல். போன்ற பழைய எழுத்துகள்தான் இருக்கும். பாகுத்தன்மைக்காக அதை எடுப்பவர்கள் கூடவே இருபதாண்டுப் பழைய தரத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பனிநாடன் (வின்னிபெக், கனடா)

முன்னெண்ணைப் பற்றி இங்கிருந்து ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் ஜனவரியில் மைனஸ் 30-க்குக் கீழ் இறங்கும் காலைகள் உண்டு. இரவில் என்ஜினுக்கு மின்சார ஹீட்டரைச் செருகி வைத்துவிட்டுத்தான் தூங்குவோம். செருக மறந்த காலையில் 0டபிள்யூவின் அருமை தெரியும்.

பம்பு சோதனை ஏன் தனியாக வந்தது என்பதற்கு அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் உள்ள சூ ஃபால்ஸ் நகரைச் சொல்வார்கள். 1980-81 குளிர்காலத்தில் அங்கே பல வண்டிகளின் என்ஜின்கள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிட்டு, பிறகு ஆயில் கிடைக்காமல் கெட்டுப்போயின. ஆயில் மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது அதிலிருந்த மெழுகு உறைந்து கூழாகிவிட்டது. ஸ்டார்ட்டர் சுழற்றும் அளவுக்கு இளகலாக இருந்தும் பம்பின் வாய்க்கு நகர்ந்து வரவில்லை. அதன்பிறகுதான் ஆயிலை நீண்ட நேரம் படிப்படியாகக் குளிரவைத்துச் சோதிக்கும் முறை தரநிலைக்குள் வந்தது. ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது என்பதை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

வடமராட்சியான் (இலங்கை)

எங்கள் பக்கத்துச் சிக்கலையும் சொல்கிறேன். இங்கே ஜப்பானில் இருந்து இறக்குமதியான ஹைபிரிட் கார்கள் ஏராளம். என்னிடம் இருப்பது டொயோட்டா அக்வா, 1.5 லிட்டர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் புது வண்டி கிடைக்காது என்பதால் இருக்கும் வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. ஆயில் கடையில் ஒருவர் 0டபிள்யூ-20 என்கிறார், இன்னொருவர் வண்டி பழையது, 10டபிள்யூ-30 ஊற்று என்கிறார். ஹைபிரிட்டுக்குக் கணக்கு வேறா?

உராய்வியல்

வேறுதான். ஹைபிரிட் என்ஜின் ஒரே பயணத்தில் பலமுறை நின்று நின்று ஸ்டார்ட் ஆகிறது. கொழும்பு நெரிசலில் மின்மோட்டார் மட்டும் வண்டியை இழுக்கும் நேரமெல்லாம் என்ஜின் ஆறிக்கொண்டிருக்கும். அதனால் ஆயிலின் சராசரிச் சூடு சாதாரண காரைவிடக் குறைவு. நம் வெப்பநாட்டிலும் கெட்டியான ஆயிலுக்கு அங்கே வேலை குறைவு என்பது இதனால்தான். 0டபிள்யூ-20-இல் இருங்கள். பானட்டின் உட்புறத்திலோ ஆயில் மூடியிலோ எண் அச்சாகி இருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கியிருந்தால், அதாவது இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஒரு லிட்டர் வரை ஊற்ற வேண்டி வந்தால், 5டபிள்யூ-30-க்குப் போவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் ரிங்கில் கரி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

நான்குவழிச்சாலை (சேலம்)

மெல்லிய ஆயிலை ஆதரிப்பவர்கள் 2025 ஏப்ரலில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய 6.2 லிட்டர் வி8 என்ஜின் கொண்ட, 2021 முதல் 2024 வரையிலான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகள். பரிசோதனையில் தேறிய வண்டிகளுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் மூடியையும் மாற்றி, கையேட்டிலும் புதுத் தாள் சேர்த்துக் கொடுத்தார்கள். இதற்கு என்ன பதில்?

உராய்வியல்

மிக முக்கியமான நிகழ்வு, நீங்கள் எடுத்துவந்தது நல்லது. கம்பெனி சொன்ன காரணம் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு ஆகியவற்றின் தயாரிப்புக் குறை: துளைகளில் தங்கிவிட்ட துகள்கள், அளவிலும் மெருகிலும் பிசகிய கிராங்க். பரப்பு சொரசொரப்பாகிவிட்டால் அதை மூட ஆயில் படலம் தடிமனாக வேண்டும். 0டபிள்யூ-40 அந்தத் தடிமனைத் தருகிறது. 20 ஆயிலில் பிழைபொறுக்கும் இடைவெளி குறைவு என்பதை அது காட்டுகிறது, இதை நான் மறைக்க விரும்பவில்லை. எல்லாம் சரியாகக் கடைசல் பிடிக்கப்பட்ட என்ஜினில் எச்.டி.எச்.எஸ். 2.6 போதும். ஏதாவது பிசகினால் 3.5 உள்ள ஆயில் கொஞ்சம் தாங்கும்.

கவனிக்க வேண்டியது அவர்கள் தேர்ந்தெடுத்த எண். பின்னெண்ணை மட்டும் 40-க்கு ஏற்றினார்கள். முன்னெண் 0-வாகவே இருக்கிறது. கெட்டி வேண்டும் என்று முடிவு செய்தபோதும் ஸ்டார்ட் ஆகும் நேரத்து ஓட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நம் பட்டறைகளில் கெட்டி என்றாலே 20டபிள்யூ-50 என்று தாவுகிறார்களே, அதற்கு நடுவில் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 என்று இத்தனை படிகள் இருக்கின்றன.

பொள்ளாச்சித் தோப்பு

நடுவில் ஒரு டீசல் கேள்வி. பி.எஸ்.6 எஸ்.யூ.வி. வைத்திருக்கிறேன். தோப்புக்கும் வீட்டுக்கும் இடையே குறுகிய ஓட்டம். இந்த முறை டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான் ஊற்றவே இல்லை. தோப்பு டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 கேன் மிச்சம் இருக்கிறது, பழையதை வடித்துவிட்டு அதை ஊற்றலாமா?

பட்டறைவாசி

டிராக்டர் ஆயிலை அதில் ஊற்ற வேண்டாம் ஐயா. உங்கள் வண்டியில் புகைத்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி உள்ளே தேங்கியதை எரிப்பார்கள். குறுகிய ஓட்டத்தில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேரும். மட்டம் ஏறியது அதனால்தான். அது டீசல் கலந்து இளகிய ஆயில், அதோடு நெடுந்தூரம் ஓட்டாமல் இப்போதே மாற்றிவிடுங்கள்.

புது ஆயில் வாங்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சி2, சி3 என்ற ஏ.சி.இ.ஏ. எழுத்தைப் பாருங்கள், உங்கள் கையேட்டில் எது இருக்கிறதோ அது. இவற்றில் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்குள் இருக்கும். டிராக்டர், லாரி ஆயில்கள் பலவற்றில் அதைவிடக் கூடுதல். புகைக்கரி எரிந்து போகும், ஆயில் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கி அடைக்கும். அதை மாற்றும் செலவோடு பார்த்தால் ஆயில் விலை ஒன்றுமே இல்லை.

மாற்றிய பிறகு மாதம் இரண்டு முறையாவது கோவை சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி வாருங்கள். எரிப்பு நடக்கும்போது ஐடிலிங் சற்று ஏறும், நின்றபிறகும் ரேடியேட்டர் விசிறி ஓடும். அந்த நேரத்தில் சாவியை அணைத்துவிட வேண்டாம்.

பொள்ளாச்சித் தோப்பு

விசிறி ஓடுவதைக் கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் அணைத்துவிடுகிறார். கையேட்டில் சி3, 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. நாளைக்கே வாங்கி மாற்றிவிடுகிறேன். ஃபில்டரையும் சேர்த்துத்தானே?

பட்டறைவாசி

ஆமாம், ஃபில்டரும் டிரெயின் நட்டின் வாஷரும் புதிது. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் நிற்கும்படி ஊற்றுங்கள், மட்டம் மறுபடி ஏறினால் சட்டென்று தெரியும்.